பொது நிர்வாகமா, அரசியல் அறிவியலா, சமூகவியலா? விருப்பப் பாடம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸில், அதாவது முதன்மைத் தேர்வில், விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்கள். தாளுக்கு 250 வீதம் 500 மதிப்பெண். தரவரிசைக்குக் கணக்கில் வரும் எழுத்துத் தேர்வு மொத்தம் 1750. நேர்முகத் தேர்வின் 275-ஐயும் சேர்த்தால் 2025. ஏறக்குறைய கால்வாசி மதிப்பெண் இந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. மொழி இலக்கியங்களையும் சேர்த்தால் பட்டியலில் 48 பாடங்கள் வரும். ஆனாலும் பொறியியலோ வேளாண்மையோ படித்துவிட்டு, கல்லூரிப் பாடத்தை விட்டு வெளியே வர நினைக்கும் நம் மாணவர்களிடம் பேசினால், பேச்சு பெரும்பாலும் மூன்று பெயர்களைத்தான் சுற்றும்: பப் ஆட், பிஎஸ்ஐஆர், சோஷியாலஜி. அதாவது பொது நிர்வாகம், அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும், சமூகவியல்.

இவற்றில் பொது நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மூன்றிலும் தவறான காரணத்துக்காக எடுக்கப்படுவதும், தவறான காரணத்துக்காகக் கைவிடப்படுவதும் அதுதான்.

எடுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் தெரிந்தவையே. பாடத்திட்டம் சின்னது, ஜிஎஸ் எனும் பொது அறிவுத் தாள்களில் இரண்டாவதோடு ஒட்டிப் போகும், நாளை ஆட்சியராகப் போகிறவருக்குப் பயன்படும். கைவிடுபவர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: ‘அதில் மார்க் வராது.’ 2013-க்கு முன்பு மெயின்ஸில் இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தபோது பொது நிர்வாகத்தை எடுத்தவர்கள் ஏராளம். ஒரே பாடம் என்று ஆன பிறகு கூட்டம் குறைந்தது, கேள்விகளின் போக்கும் மாறியது. நேராகக் கேட்டவை சுற்றி வளைத்து வரத் தொடங்கின. மனப்பாடம் செய்து போனவர்களுக்கு அடி விழுந்ததால்தான் அந்தப் பேச்சே கிளம்பியது என்பது என் கணிப்பு.

ஜிஎஸ்ஸோடு ஒட்டிப் போகும் என்பது பொது நிர்வாகத்தின் இரண்டாம் தாளைப் பொறுத்தவரை உண்மை. கௌடில்யரில் தொடங்கி, முகலாயர், பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச் சென்றவை, அரசியலமைப்பு, மாவட்ட நிர்வாகம், குடிமைப் பணிகள், நிதி நிர்வாகம், உள்ளாட்சி, சீர்திருத்தக் குழுக்கள் என்று அது போகும். 1966-இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 2005-இல் அமைந்து 15 அறிக்கைகள் தந்த இரண்டாம் ஆணையம், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவாகக் காரணமான சந்தானம் குழு ஆகியவற்றை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டால் ஜிஎஸ் இரண்டிலும், நெறிமுறைத் தாளான ஜிஎஸ் நான்கிலும் எடுத்து வைக்கலாம். கட்டுரைத் தாளுக்கும் உதவும். இதில் பிரச்சினை இல்லை.

சிக்கல் முதல் தாளில் இருக்கிறது. அது நிர்வாகக் கோட்பாடு. உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய கட்டுரை, டெய்லரின் அறிவியல் மேலாண்மை, ஃபயோலின் 14 கொள்கைகள், வெபரின் அதிகாரவர்க்க மாதிரி, மேரி பார்க்கர் ஃபாலெட், எல்டன் மேயோ, பர்னார்ட், சைமன், ரிக்ஸ், 1968-இன் மின்னோபுரூக் மாநாட்டிலிருந்து வந்த புதிய பொது நிர்வாகம், அப்புறம் புதிய பொது மேலாண்மை. பெயர்களை அடுக்கினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பாடத்திட்டம் சின்னது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. அவர்கள் சொன்னதை வைத்து ஓர் அலுவலகத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. லூதர் குலிக்கும் அவர் வழி வந்தவர்களும், ஒரு மேலதிகாரி நேரடியாக மேற்பார்வையிடும் ஆட்களின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும் என்றார்கள். அமைப்பில் அடுக்குகளும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கொள்கை. ஹெர்பர்ட் சைமன் 1946-இல் கேட்டார்: இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? மேற்பார்வை வட்டத்தைச் சுருக்கினால் அடுக்குகள் கூடும். அடுக்குகளைக் குறைத்தால் ஒரே ஆள் பலரைக் கவனிக்க வேண்டிவரும். ஒன்றையொன்று வெட்டும் இந்தக் கொள்கைகள் பழமொழிகளைப் போன்றவை, அறிவியல் ஆகாது என்று அடித்துச் சொன்னார். இதுவரை எழுதினால் எல்லா நோட்ஸிலும் இருப்பதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். பட்டா மாறுதல் விண்ணப்பம் ஒன்று விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று ஏறிப் போகிறது. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவரும் உள்ளே வருகிறார். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சரிபார்ப்பு, அதே நேரம் ஒரு தாமதம். நடுவில் ஓர் அடுக்கை எடுத்துவிடலாமே என்றால், அந்தச் சரிபார்ப்பு முழுவதும் மேலே இருப்பவரின் மேசையில் விழும். அவரால் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பார்க்க முடியாது. முடிந்தவரை பார்த்து, போதும் என்று தோன்றுமிடத்தில் கையெழுத்துப் போடுவார். சைமன் சொன்ன வரையறைக்குட்பட்ட பகுத்தறிவு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. விண்ணப்பம் இணையவழிக்கு வந்த பிறகு கோப்பு நகரும் வேகம் மாறியது. யார் எதைச் சரிபார்ப்பது என்ற கேள்வி மாறவில்லை. பத்து மதிப்பெண் விடையில் இதற்கு நான்கு வரி போதும். ஆனால் அந்த நான்கு வரி உங்களுக்குத் தானாக வர வேண்டும்.

வெபரையும் இப்படியே பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிராமக் கணக்கையும் வரி வசூலையும் கவனித்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் குடும்பவழியாக வந்துகொண்டிருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. அந்த இடத்தில் கல்வித் தகுதியோடு, தேர்வாணையம் வழியாக, முழுநேரச் சம்பளத்தில் விஏஓ வந்தார். மரபுவழி அதிகாரத்திலிருந்து சட்டவழி அதிகாரத்துக்கு நகர்வது என்று வெபர் சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா? பதவி சொத்தாக இருந்தது. அரசு அதை வேலையாக்கியது. வெபர் மீதான விமர்சனத்தையும் இதிலிருந்தே எடுக்கலாம். விஏஓ தான் பணிபுரியும் ஊரிலேயே தங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பல ஊர்களில் நிலைமை என்ன என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஏட்டில் இருக்கும் விதிக்கும் நடைமுறைக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் ரிக்ஸ், வளரும் சமூகங்களின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஃபார்மலிசம்’ என்று பெயரிட்டுக் குறிப்பிட்டார். ஒரே பதவியின் கதையில் வெபரும் வந்துவிட்டார், ரிக்ஸும் வந்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சுவாரசியம் தட்டியதா, சலிப்பு தட்டியதா? தயவுசெய்து உண்மையான பதிலைச் சொல்லிக்கொள்ளுங்கள். சலிப்பு என்றால் பாடத்திட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்தப் பாடம் வேண்டாம்.

மூன்று பாடங்களும் எங்கே பிரிகின்றன என்பதைப் பாடத்திட்டத்தை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட, ஒரே நிகழ்வை மூன்றின் வழியாகவும் பார்த்தால் நன்றாகப் புரியும். மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை எடுத்துக்கொள்வோம். 1996-இல் இவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் ஆதிக்கம் செலுத்தியவர்கள் ஏற்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது. இல்லாவிட்டால் வெற்றி பெற்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். அறிவிப்பு வரும், தேர்தல் நாள் வரும், மறுபடியும் பழைய நிலை. பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

அரசியல் அறிவியல் மாணவர் இதில் ஜனநாயகத்தைப் பார்ப்பார். கிராமத்தை நம்பிய காந்தி ஒரு பக்கம். கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் மறுபக்கம். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் அதிகாரத்தை ஊருக்குக் கொண்டுபோனபோது, ஊரில் அது யார் கைக்குப் போனது? பிரதிநிதித்துவத்துக்கும் சமத்துவத்துக்கும் என்ன உறவு? அவருடைய விடை இந்தக் கேள்விகளில் நடக்கும்.

சமூகவியல் மாணவர் எம்.என். சீனிவாஸின் ஆதிக்க சாதி என்ற கருத்தில் தொடங்குவார். நிலம் யாரிடம், எண்ணிக்கை யாரிடம், கூலி கொடுப்பவர் யார், ஊர் விலக்கு என்ற ஆயுதம் எப்படி வேலை செய்கிறது, ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு மறுநாள் வேலை எங்கே கிடைக்கும்? சட்டம் தொட முடியாத உறவுகளை அவர் விவரிப்பார்.

பொது நிர்வாக மாணவரின் இடம் ஆட்சியர் அலுவலகம். சட்டம் இருக்கிறது, ஆணை இருக்கிறது, காவல்துறை இருக்கிறது. இருந்தும் ஆணை ஏன் செல்லுபடியாகவில்லை? ஓர் ஆணைக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை அதைப் பெறுபவர்தான் தீர்மானிக்கிறார் என்று பர்னார்ட் சொன்னது ஓர் அமைப்பின் உறுப்பினர்களைப் பற்றி. அதைக் குடிமக்கள் வரை நீட்ட முடியுமா? மேலிருந்து செலுத்தும் அதிகாரம், சேர்ந்து உருவாக்கும் அதிகாரம் என்று ஃபாலெட் பிரித்தாரே, 2006-இல் மாறியது அதில் எது? பதவியேற்ற தலைவருக்கு அலுவலகச் சாவி, பதிவேடுகள், காசோலை எல்லாம் எப்படிக் கைக்கு வருகின்றன? தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஒதுக்கீட்டில் வந்த தலைவர் என்ன செய்வார்? வட்டார வளர்ச்சி அலுவலர் எந்தப் பக்கம் நிற்பார்?

இந்த மூன்றில் எந்தப் பத்தியைப் படிக்கும்போது ‘இன்னும் சொல்லுங்கள்’ என்று தோன்றியதோ, உங்கள் பாடம் பெரும்பாலும் அதுதான். மதிப்பெண் போக்கு, புத்தகம் கிடைப்பது, நண்பர்கள் எடுத்தது எல்லாம் அதற்குப் பிறகு. ஒன்றரை வருடம் ஒரு பாடத்தோடு வாழ வேண்டியிருக்கிறது.

சரி, நடைமுறைக் கணக்குக்கு வருவோம். பிஎஸ்ஐஆர் மூன்றிலும் பெரியது. பிளேட்டோவிலிருந்து ஹன்னா ஆரண்ட் வரை மேற்கத்திய சிந்தனை, இந்திய அரசியல் சிந்தனை, ரால்ஸின் நீதிக் கோட்பாடு, இந்திய அரசியல், பன்னாட்டு உறவுக் கோட்பாடுகள், இந்திய வெளியுறவுக் கொள்கை. கடைசிப் பகுதி மாதா மாதம் மாறும்; பத்திரிகையை விட்டால் போச்சு. அந்த உழைப்புக்குப் பலன் உண்டு: ஜிஎஸ் இரண்டாம் தாளின் அரசியலமைப்பு, ஆட்சி முறை, வெளியுறவு எல்லாவற்றோடும் இது ஒட்டும். பொது நிர்வாகத்தைவிட இங்கே ஒட்டுதல் அதிகம் என்றே சொல்வேன். ஆளுநர், மத்திய-மாநில உறவு, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356-ஆவது பிரிவு, அதைப் பற்றிய 1994-இன் எஸ்.ஆர். பொம்மை வழக்கு, 1971-இல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழு ஆகியவை தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தேநீர்க்கடைப் பேச்சிலேயே அறிமுகமானவை. தினமும் தலையங்கம் படிக்காமல் தூக்கம் வராது என்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

சமூகவியல் மூன்றிலும் கையடக்கமானது. மார்க்ஸ், துர்க்கைம், வெபர், பார்சன்ஸ், மெர்ட்டன், மீட் என்று முதல் தாள் கோட்பாடு. இந்தியச் சமூகம் இரண்டாம் தாள். நடப்புச் செய்திகளின் சுமை குறைவு. அறிவியல், பொறியியல் பின்னணியில் வருபவர்களுக்கும் சீக்கிரம் பிடிபடும். எச்சரிக்கை ஒன்றுதான்: சாதியையும் குடும்பத்தையும் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு என்பதால், கருத்தையே விடையாக எழுதிவிட்டு வரும் ஆபத்து இங்கே அதிகம்.

தமிழ் இலக்கியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த மூன்றும் ஒட்டவில்லை, சங்கப் பாடலைப் படித்தால் மனம் நிற்கிறது என்பவர்கள், ‘ஜிஎஸ்ஸுக்கு உதவாதே’ என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த 500 மதிப்பெண்ணும் 500 மதிப்பெண்தான்.

எந்த மொழியில் எழுதுவது என்பதையும் பாடத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். மெயின்ஸைத் தமிழில் எழுத உரிமை உண்டு. ஆனால் இந்த மூன்று பாடங்களுக்கும் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் யோசித்து, மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பொது நிர்வாகத்தின் இரண்டாம் தாளைத் தமிழில் எழுதுவது கடினமில்லை. மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் அரசாணைகளிலேயே தமிழ்ச் சொற்கள் உண்டு. முதல் தாளுக்கு ஆங்கில நூல்களைப் படித்து, நோட்ஸைத் தமிழில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். செய்யக்கூடியதுதான். ஆனால் கூடுதலாகச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏற்கனவே அரசு வேலையில் இருப்பவர்களுக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் பொது நிர்வாகம். குரூப் 2 எழுதி ஏதோ ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பவருக்கு, கோப்பு எப்படி நகரும், தணிக்கைக் குறிப்பு வந்தால் அலுவலகம் என்ன ஆகும், மார்ச் மாதத்தில் மட்டும் செலவு ஏன் பாய்கிறது என்பதெல்லாம் உள்ளிருந்தே தெரியும். டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் வரும் வளர்ச்சி நிர்வாகப் பகுதியை அவர் முன்பே படித்தும் இருப்பார். படிக்க நேரம் குறைவு, அனுபவம் அதிகம் என்ற அவருடைய நிலைக்கு மூன்றிலும் பொருந்துவது இது. கல்லூரியிலிருந்து நேராக வரும் இருபத்தொரு வயதுக்காரருக்கு, பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால், பிஎஸ்ஐஆரோ சமூகவியலோ பாதுகாப்பானது. ரேஷன் கடை ஏன் இப்படி இயங்குகிறது, பேருந்து நிலையத்தை மாற்ற யார் முடிவெடுத்தார்கள் என்று சின்ன வயதிலிருந்தே நோண்டிக்கொண்டிருப்பவர் விதிவிலக்கு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மனதில் இருக்கும் இரண்டு பாடங்களுக்கும் கடைசி ஐந்தாண்டுத் தாள்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் அலகை மட்டும் ஒரு வாரம் படியுங்கள். பொது நிர்வாகம் என்றால் சைமன் வரும் நிர்வாகச் சிந்தனைப் பகுதி சரியாக இருக்கும். அப்புறம் அந்த அலகிலிருந்து கேட்கப்பட்ட பத்து மதிப்பெண் கேள்விகள் இரண்டுக்கு, 150 சொல்லில், கடிகாரம் வைத்து விடை எழுதுங்கள்.

எழுதியதில் சிந்தனையாளர்களின் பெயர்களை மட்டும் அடித்துவிட்டு மீண்டும் வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் நீங்கள் எழுதியது ஜிஎஸ் விடை. பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து எடுத்துக்காட்டுகளை அடித்துவிட்டு வாசியுங்கள். அப்போதும் எதுவும் குறையவில்லை என்றால் அது நோட்ஸின் நகல். இரண்டில் எதை எடுத்தாலும் விடை சரிந்து விழ வேண்டும். எந்தப் பாடத்தில் உங்கள் விடை அப்படி விழுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கட்டிய பிறகு பாடத்தை மாற்ற மனம் வராது.

இந்தச் சோதனையை முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரிலிம்ஸுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இப்போதெல்லாம் ஏறக்குறைய மூன்று மாதம்தான். அதில் நான்கு ஜிஎஸ் தாள், கட்டுரை, விருப்பப் பாடத்தின் மறுவாசிப்பு எல்லாம் முடிய வேண்டும். பொதுப்பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, ஓபிசி பிரிவுக்கு ஒன்பது. பாடத்தை நடுவழியில் மாற்றினால் அதில் ஒன்றாவது போய்விடும். பிரிலிம்ஸுக்குக் குறைந்தது பத்து மாதம் இருக்கும்போதே பாடத்தை முடிவு செய்து, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு அதை மூடி வைத்துவிட்டு, பிரிலிம்ஸில் இறங்குங்கள்.